ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குச் சேற்று டயர்: எங்கே தவறுகிறோம்?

சேற்று டயர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் தடவிப் பார்ப்பது அதன் பல்லைத்தான். எவ்வளவு ஆழம், எவ்வளவு முரடு என்று பார்ப்பார்கள். வெறும் வண்டியாக ஓட்டுபவருக்கு அது போதலாம். பின்னால் தண்ணீர் டேங்கோ ஜெனரேட்டரோ ஏற்றிய ட்ரெய்லரை மாட்டி இழுப்பவர் முதலில் படிக்க வேண்டியது, டயரின் பக்கச்சுவரில் பொடியாக அச்சாகியிருக்கும் எண்களை.

‘எல்டி 265/70 ஆர்17 121/118 கியூ’ என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ‘எல்டி’ என்றால் இலகு ரக லாரி, பிக்கப் போன்றவற்றுக்கான கட்டுமானம். ‘265/70 ஆர்17’ டயரின் அளவு. 121 என்பது சுமைக் குறியீடு: ஒற்றை டயர் 1450 கிலோ தாங்கும். 118 என்பது இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒவ்வொன்றும் தாங்கும் 1320 கிலோ. ‘கியூ’ அதிகபட்ச வேகம், மணிக்கு 160 கி.மீ.

இதே அளவில், தாங்கும் சுமையைப் பொறுத்து ‘சி’ ரகமும் உண்டு, ‘இ’ ரகமும் உண்டு. ‘சி’ 50 பிஎஸ்ஐ காற்றில் 1120 கிலோ தாங்கும். ‘இ’ 80 பிஎஸ்ஐ காற்றில் 1450 கிலோ. இரண்டும் ஒரே பல்லோடு, ஒரே பெயரில் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். பெரிய பாரம் இழுப்பவர் ‘இ’ என்று கேட்டு வாங்குவதே நல்லது.

அதைவிடப் பெரிய தவறு காற்றில் நடக்கிறது. பழைய கார் ரக டயருக்கு 35 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர், புது எல்டி டயருக்கும் அதையே அடிக்கச் சொல்கிறார். இந்த அளவில் கார் ரக டயர் ஏறக்குறைய அந்தக் காற்றிலேயே 1215 கிலோ வரை தாங்கிவிடும். எல்டி டயரால் முடியாது. 50 பிஎஸ்ஐ அடித்தாலே 1120 கிலோதான் என்று மேலே பார்த்தோம். அதாவது, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கனமான டயர் பழைய டயரைவிடக் குறைவாகத் தாங்கியபடி ஓடும். பக்கச்சுவர் நெளிந்து சூடேறும்; சித்திரை வெயிலில் நாற்கரச் சாலையில் நெடுநேரம் ஓடினால் வெடிக்கவும் செய்யும். தயாரிப்பாளரின் சுமை–காற்று அட்டவணையைக் கடைக்காரரிடம் கேளுங்கள். பாரத்தோடு ஓடும்போது ஒரு அளவு, வெறும் வண்டிக்கு ஒரு அளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிம்மும் அந்தக் காற்றைத் தாங்குமா என்று பாருங்கள்.

பாரத்தைக் கணக்கிடுவதிலும் ஒரு தவறு உண்டு. ட்ரெய்லர் எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம், அதை மாட்டும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும். 2000 கிலோ ட்ரெய்லர் என்றால் குறைந்தது 200 கிலோ. இது பின் அச்சுக்கு 200 கிலோவாகவே போய்ச் சேர்வதில்லை. கொக்கி அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் முன்பக்கத்தை நெம்பித் தூக்குகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3085 மி.மீ. கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், பின் அச்சில் கூடுவது ஏறக்குறைய 280 கிலோ. முன் அச்சில் 80 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் குறையும். பாரம் மாட்டியதும் ஸ்டியரிங் லேசாவது இதனால்தான். பிக்கப்பின் பின்தொட்டியில் ஏற்றிய மூட்டைகள் இதற்கு மேல். வே-பிரிட்ஜில் (எடை மேடையில்) பின் அச்சை மட்டும் ஏற்றி எடை போட்டுப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அடுத்து, பெரிய டயர் ஆசை. 265/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 803 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் (889 மி.மீ.) மாட்டினால் ஏறத்தாழ 11 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 89-ல் போவீர்கள். மேட்டில் இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். பாரம் இழுக்கும் வண்டிக்கு நிறுவனம் கொடுத்த அளவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பல்லுக்கு இப்போது வருவோம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பிறகு வண்டியை இறக்கியவர்களுக்குத் தெரியும்: சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் மண் அப்பி, டயர் மொட்டையாகிவிடும். அங்கே ஆழத்தைவிட முக்கியம் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி. அகலமாக இருந்தால்தான் சுழலும்போது மண் கழன்று விழும். பற்களுக்கு நடுவே சின்ன ரப்பர் மேடுகள் இருந்தால் இன்னும் நல்லது. கல்லையும் மண்ணையும் வெளியே தள்ளும். மேலே சேறு, கீழே கெட்டித் தரை என்று இருக்கும் செம்மண் பாதையில் அவ்வளவு முரட்டுப் பல் தேவையில்லை.

ஆனால் அதே அகலமான இடைவெளியால் தார் ரோட்டில் பதியும் ரப்பர் குறைகிறது. மழையில் பிரேக் பிடிக்கும்போது, பின்னால் இரண்டு டன் தள்ளும்போது, அது தெரியும். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் ரோடு என்றால், எல்டி ரக ஆல்-டெரெய்ன் (தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான) டயரே சரியான தேர்வு. வருடத்தில் சில வாரச் சேற்றுக்காக மீதி நாளெல்லாம் இரைச்சலையும் டீசல் செலவையும் சுமக்க வேண்டாம்.

செலவு மிச்சம் என்று பின்னால் மட்டும் இரண்டு சேற்று டயர் மாட்டுவதும் வேண்டாம். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், நாலு சக்கர இழுவையைப் போடும்போது முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். நாலும் ஒன்றாக, ஸ்டெப்னியும் அதே அளவில்.

சேற்றில் பிடிமானத்துக்காகக் காற்றை இறக்குபவர்கள் ரோடு ஏறியதும் திரும்ப அடிக்காமல் அடுத்த பங்க் வரை போய்விடுகிறார்கள். பாரத்தோடு அந்தப் பத்து கிலோமீட்டரே உள்ளே இருக்கும் இழைகளை நைந்துபோகச் செய்யும். காற்றடிக்கும் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும்.

ட்ரெய்லர் சக்கரங்களை யாரும் கவனிப்பதில்லை. அவை இழுப்பதில்லை, உருளத்தான் செய்கின்றன. எனவே சேற்றுப் பல் அங்கே வீண், சுமைக் குறியீடுதான் முக்கியம். அவை தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால், பல் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.