பழைய ஊமைப்படக் கட்டுரைக்குச் சான்று தேட
1913-ல் வந்த 'தி வேர்வுல்ஃப்' மாதிரி ஆதிகால ஓநாய்மனிதப் படத்தின் விக்கிப்பீடியா கட்டுரையை வளர்க்க வேண்டுமென்றால், பொதுத் தேடலை விட்டுவிட்டு நேராக 'லான்டர்ன்' தளத்தில் தேடுங்கள். இலவசம்தான்.

'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' போன்ற அந்தக் காலத் திரைத்தொழில் இதழ்களை அங்கே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். எத்தனை ரீல், என்று வெளியீடு, கதை என்ன என்பதைத் தியேட்டர்காரர்களுக்காக அன்றைக்கே அச்சிட்டவை அவை. படமே தொலைந்துபோனதாகக் கருதப்படுவதால், கதைக்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது. தலைப்பைப் போட்டு ஒன்றும் வரவில்லையா? மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். ஆண்டை 1913 என்று குறுக்கிவிட்டு, 'பைசன்' என்ற கம்பெனிப் பெயரையோ இயக்குநர் ஹென்றி மெக்ரேயின் பெயரையோ போட்டுப் பாருங்கள்.

படம் எப்படி அழிந்தது, பின்னால் வந்த படங்களை எப்படிப் பாதித்தது என்பதற்கெல்லாம் இது உதவாது. அதற்குத் திரைவரலாற்று நூல்கள்தான் சரி. அப்புறம், படக்கம்பெனியே எழுதிக்கொடுத்த கதைச்சுருக்கத்தைத் தயவுசெய்து விமர்சனப் பகுதியில் சேர்த்துவிடாதீர்கள்.