மங்கிப்போன வலது தமனி: என் அனுபவம்

கும்பகோணம் பக்கம் சிடி ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறேன். திருவையாற்றிலிருந்து ஒரு பெரியவர் இதய ஆஞ்சியோ ஸ்கேனுக்கு (இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படமெடுப்பது) வந்தார், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தும் துடிப்பு நிமிடத்துக்கு 78-ஐ விட்டு இறங்கவில்லை. விசாரித்தால், பஸ் ஏறுமுன் இரண்டு டம்ளர் டிகிரி காபி! (எங்கள் ஊரில் காபி குடிக்காதே என்றால் யார் கேட்பார்கள்.)

அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். ஒரு துடிப்பின் 75 சதவீதக் கட்டத்தில், அதாவது இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில், வலது கரோனரி தமனியின் (இதயத் தசைக்கே ரத்தம் தரும் குழாய்) நடுப்பகுதி இரட்டைக் கோடாகத் தெரிந்தது. அதிகம் ஆடுவதும் அதுதான். நல்லவேளை, துடிப்பு முழுவதற்கும் டேட்டா இருந்தது, அதனால் 40 சதவீதத்தில், அதாவது இதயம் சுருங்கி முடிக்கும் நேரத்தில், படத்தை மறுபடி உருவாக்கினேன், கோடு ஒன்றாகிவிட்டது. துடிப்பு கூடும்போது விரிந்து ஓய்வெடுக்கும் நேரம்தான் அதிகம் குறைகிறது, அதனால்தான் 75 சதவீதத்தில் மங்கியது.

இப்போது துடிப்பு 65-க்கு மேல் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிப்பதில்லை. அப்புறம், "ஐயா, மூச்சை அடக்குங்க" என்று முன்பே இரண்டு தடவை பழக்கிவிடுகிறேன்.