ஆப்பிரிக்க மையக் கலை வகுப்பு: சிறுவர்களுக்காக ஒரு பருவத்தை அமைப்பது எப்படி

அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில், பள்ளி முடிந்த மாலை வேளைகளில் சிறுவர்களுக்கு ஆப்பிரிக்க இசையையும் நடனத்தையும் கைத்தொழிலையும் கற்றுத்தரும் வகுப்புகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. ஆப்பிரிக்காவைத் தொலைவில் நின்று வியக்கும் காட்சிப்பொருளாக்காமல், அம்மக்களின் சொற்களிலிருந்தும் நினைவிலிருந்தும் மதிப்பீடுகளிலிருந்தும் பாடத்தைத் தொடங்குவதால் இதை ஆப்பிரிக்க மையக் கல்வி என்கிறார்கள். 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கிய வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் முதல் எத்தனையோ பேர் இந்தப் பாதைக்கு வழி சமைத்திருக்கிறார்கள். அத்தகைய வகுப்பொன்றை 12 வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், 9 முதல் 14 வயது வரையிலான 15 சிறுவர்களுக்கு நடத்த விரும்புவோர் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதல் முடிவுதான் மிகவும் கடினமானது. 'ஆப்பிரிக்கக் கலை' என்ற ஒன்றைக் கற்பிக்கவே முடியாது. 54 நாடுகளும் ஆயிரக்கணக்கான மொழிகளும் கொண்ட கண்டத்தை 12 மாலைகளில் சுற்றிக் காட்ட முனைந்தால், முகமூடி, முரசு, வரிக்குதிரை என்ற மங்கலான படமே சிறுவர் மனத்தில் மிஞ்சும். ஆகவே இரண்டே மக்களினங்களைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் நிலைத்து நில்லுங்கள். இந்த வழிகாட்டியில் தாளத்துக்குக் கினியையும் மாலியையும் சேர்ந்த மாண்டே மக்களையும், துணிக்குக் கானாவின் அகான் மக்களையும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் செனகல் கலைஞரோ நைஜீரிய நெசவாளரோ இருந்தால், தயங்காமல் அவருடைய மரபுக்கு மாறிவிடுங்கள். பாடத்திட்டத்துக்கு ஆசிரியரைத் தேடுவதைவிட, கிடைத்த ஆசிரியரைச் சுற்றிப் பாடத்திட்டத்தை அமைப்பதே இங்கே சரியான வரிசை.

நடனக் கலைஞர் காத்ரின் டனம் 1967இல் இலினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் கலைப் பயிற்சி மையத்தைத் தொடங்கியபோது, அங்கே முரசு கற்பிக்கச் செனகலைச் சேர்ந்த மோர் தியாம் வந்தார். ஏழ்மையில் வாடிய ஒரு தொழில் நகரத்தின் பிள்ளைகள் அந்த மரபைப் பிறந்து வளர்ந்து அறிந்தவரிடம் நேரடியாகக் கற்றார்கள். இன்று சிறிய வகுப்பு நடத்துபவரும் இந்த நேர்த்தொடர்பை விட்டுக்கொடுக்கக் கூடாது. வரவுசெலவுத் திட்டத்தில் ஆசிரியரின் ஊதியத்தை முதல் வரியில் எழுதுங்கள். முரசு, துணி, சிற்றுண்டி எல்லாம் அதற்குப் பின் வரட்டும். இலவசமாக வந்து உதவுமாறு மூத்த கலைஞரைக் கேட்பது, அக்கலைக்கு விலையில்லை என்று சிறுவர்களுக்கு மறைமுகமாகக் கற்பிப்பதாகும்.

வகுப்பை வட்டமாக அமருவதில் தொடங்குங்கள். ஆசிரியர் 'அகோ' என்று அழைக்க, சிறுவர்கள் 'அமே' என்று விடையளிப்பார்கள். கானாவில் ஒரு வீட்டு வாசலில் நின்று 'உள்ளே வரலாமா' என்று கேட்பதும், 'வருக' என்று மறுமொழி கூறுவதும் இதுதான். அமெரிக்கக் கறுப்பினச் சபைகளிலும் கவனத்தை ஈர்க்க இந்த அழைப்பு வழங்கிவருகிறது. அதட்டலுக்கும் ஊதலுக்கும் பதிலாக இதையே பயன்படுத்தினால், மூன்றாம் வாரத்துக்குள் வகுப்பின் ஒழுங்கைச் சிறுவர்களே காக்கத் தொடங்குவார்கள்.

முதல் ஆறு வாரங்களும் தாளத்துக்கு உரியவை. ஜெம்பே ஒரே மரத்துண்டைக் குடைந்து, கிண்ண வடிவில் செதுக்கி, ஆட்டுத்தோல் போர்த்திய முரசு. அதனுடன் இரு முகங்களிலும் மாட்டுத்தோல் போர்த்தி, கோலால் அடிக்கும் டுன்டுன் முரசுகள் மூன்று சேரும்: சிறியது கென்கெனி, நடுத்தரமானது சங்பான், பெரியது டுன்டுன்பா. ஜெம்பேயில் அடிகள் மூன்று. உள்ளங்கையைத் தோலின் நடுவில் பதித்து எடுத்தால் ஆழ்ந்த ஒலி பிறக்கும். விரல்களைச் சேர்த்து விளிம்பில் அடித்தால் வட்டமான தெளிவொலி வரும். அதே விளிம்பில் விரல்களைச் சற்றுத் தளர்த்தி வீசினால் கூரிய வெடிப்பொலி கேட்கும். மோதிரங்களைக் கழற்றச் சொல்லுங்கள். முரசின் அடிவாய் தரையில் முழுதாகப் படிந்தால் ஆழ்ந்த ஒலி அடைபட்டுவிடும் என்பதால், அதைச் சற்றுச் சாய்த்து முழங்கால்களுக்கிடையே பிடிக்கப் பழக்குங்கள்.

ஆனால் முதல் மாலையில் முரசைத் தொடவே விடாதீர்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் பண்பாட்டு மையம் நடத்திய நைஜீரியக் கலைஞர் பாபதுண்டே ஒலதுஞ்சி, அடிகளுக்குச் சொற்கள் வைத்துக் கற்பித்தார். 'குன்', 'துன்' என்றால் ஆழ்ந்த ஒலி, 'கோ', 'தோ' என்றால் தெளிவொலி, 'ப', 'த' என்றால் வெடிப்பொலி. வாயால் சொல்ல முடிந்த தாளத்தைக் கை எளிதில் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வாரம் சொல்லுடன் காலடியையும் சேர்த்து, மூன்றாம் வாரத்தில்தான் முரசைக் கொடுங்கள். 15 பேருக்கு ஐந்து ஜெம்பேக்கள் போதும். ஐவர் அடிக்க, ஐவர் ஆட, ஐவர் கைதட்டிப் பாடி, முறை மாற்றிக்கொள்ளட்டும். பற்றாக்குறையைச் சமாளிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. மாண்டே மரபில் அடிப்பவர் ஆடுபவரின் காலைப் பார்த்தே அடிக்கிறார். முதன்மை முரசு தரும் ஒரு குறிப்பைக் கேட்டு ஆடுபவர் அசைவை மாற்றுகிறார். இந்த உரையாடல் புரியாமல் முரசை மட்டும் கற்ற சிறுவனுக்குப் பாதிக் கலையே கிடைத்திருக்கும். கினியின் வனப்பகுதியில் வழங்கும் குக்கு என்ற தாளம் தொடக்கத்துக்கு ஏற்றது. அந்த ஒன்றையே நான்கு வாரம் பயிலுங்கள்.

ஏழாம் வாரம் சிறுவர்கள் வரும்போது அறையில் முரசு இருக்கக் கூடாது. இந்தப் பருவம் முழுவதிலும் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் மாலை இதுவே. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் முரசொலியுடன் எழுச்சியில் இறங்கினார்கள். மறு ஆண்டே அங்கு இயற்றிய சட்டம் முரசுகளையும் கொம்புகளையும் அவர்கள் பயன்படுத்தத் தடை விதித்தது. இதைச் சொல்லிவிட்டு, 'முரசு போய்விட்டது, தாளம் எங்கே போகும்?' என்று கேளுங்கள். சிறுவர்கள் தாமாகவே தொடையிலும் மார்பிலும் தட்டத் தொடங்கக்கூடும். தொடங்காவிட்டால் நீங்கள் தொடங்குங்கள். உடலையே முரசாக்கிய ஜூபா தட்டலும், வட்டமாக நகர்ந்து காலால் தாளமிட்டு வழிபடும் மரபும் அடிமைப்படுத்தப்பட்டோர் உழைத்த தோட்டங்களில் வளர்ந்த கதையை, நான்கு வாரம் பயின்ற குக்குத் தாளத்தை உடம்பில் தட்டிக்கொண்டே அவர்கள் கேட்க வேண்டும். அடிமை வரலாற்றை முதல் வாரத்திலேயே சொல்லித் தொடங்கும் வகுப்புகளில், ஆப்பிரிக்கா என்றால் துயரம் என்ற எண்ணமே முதலில் ஊன்றிவிடுகிறது. எதை இழந்தார்கள் என்பதைக் கையாலும் காலாலும் அறிந்த பிறகே இழப்பு விளங்கும்.

எட்டு முதல் பத்தாம் வாரம் வரை துணி. கானாவின் குமாசி நகருக்கு அருகிலுள்ள என்டோன்சோ ஊர் அடின்க்ரா அச்சுத் துணிக்குப் பெயர்பெற்றது. மரப்பட்டையை ஊறவைத்து இடித்து, நெடுநேரம் காய்ச்சிக் கருஞ்சாயம் எடுத்து, சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய அச்சுகளால் பதிப்பார்கள். ஓடு வளைந்திருப்பதால் அச்சை நேராக அழுத்தாமல், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு உருட்டிப் பதிக்க வேண்டும். காய்ந்த குடுக்கை கிடைக்காத இடத்தில் தடித்த ரப்பர் தாளை வெட்டி மரக்கட்டையில் ஒட்டி அச்சாக்கலாம். சாயத்துக்குத் துணி வண்ணம் போதும். அடர்ந்த நிறத் துணி துக்கத்துக்கும் வெள்ளைத் துணி மகிழ்ச்சிக்கும் உரியவை என்பதைத் துணி வெட்டுமுன் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு சின்னத்துக்கும் பின்னால் ஒரு பழமொழியோ கருத்தோ உண்டு. திரும்பிப் பார்க்கும் பறவையான சங்கோஃபா, மறந்ததை மீண்டும் போய் எடுத்துவருவதில் தவறில்லை என்கிறது. ஆட்டுக்கடாவின் கொம்புகளான த்வென்னிம்மென் வலிமையையும் பணிவையும் சேர்த்துக் குறிக்கும். சின்னத்தை அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்க விடாமல், அதன் பொருளைத் தன் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இணைத்துச் சொன்ன பிறகே அச்சு வெட்ட அனுமதியுங்கள். மூத்த பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உதவும். 1991இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் அகழ்ந்தெடுத்த ஆப்பிரிக்கர் இடுகாட்டில், ஒரு சவப்பெட்டி மூடியில் ஆணிகளால் இதய வடிவம் பதித்திருந்தது. சங்கோஃபாவை இதய வடிவிலும் வரைவதுண்டு என்பதால், அது சங்கோஃபா என்று அறிஞர் சிலர் கருதினர். அதற்குச் சான்று போதாது என்று வேறு சிலர் மறுத்தனர். இரு தரப்பையும் முன்வைத்துப் பிள்ளைகளை விவாதிக்க விடுங்கள். பெருமைக்குரிய செய்தியையும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும்.

துணி பற்றிய பாடத்தில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஓர் உண்மையும் உண்டு. நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள், சென்னைப் பகுதியிலிருந்து கடல்வழி சென்ற கட்டம்போட்ட கைத்தறித் துணியைத் தங்கள் சடங்குகளுக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். அதில் தேர்ந்தெடுத்த இழைகளை வெட்டி நீக்கிப் புதிய கோலம் உண்டாக்கும் கலையையும் அவர்கள் வளர்த்தார்கள்.

வழிபாட்டுக்குரிய முகமூடிகளையும், தெய்வங்களை அழைக்கும் தாளங்களையும் அம்மரபில் உரிமை பெற்றவர் அனுமதியின்றி வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். ஆசிரியர் வேண்டாம் என்றால் அதுவே முடிவு.

கடைசி இரண்டு வாரங்களில் நிறைவு நிகழ்ச்சிக்கான ஆயத்தம். பருவம் ஆண்டின் இறுதியில் முடியுமானால், மௌலானா கரெங்கா 1966இல் உருவாக்கிய, அமெரிக்கக் கறுப்பின மக்கள் கொண்டாடும் குவான்சா விழா நாட்களோடு, அதாவது டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரையுள்ள ஏதேனும் ஒரு நாளில் அதை வைக்கலாம். மேடை வேண்டாம், பெற்றோரும் வட்டத்திலேயே அமரட்டும். அவையிலுள்ள மிக மூத்தவரிடம் தொடங்க அனுமதி கேட்டு, முன்னோர் பெயரால் நீர் வார்த்து, பிறகு 'அகோ' சொல்லுங்கள். தாம் பதித்த துணியை அணிந்த ஒவ்வொரு சிறுவரும் அதன் பொருளைச் சொல்லி, குக்குத் தாளத்தின் ஓர் அடியைப் பார்வையாளர் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றதைக் கற்பிக்க முடிகிறதா என்று பார்ப்பதைவிட நம்பகமான தேர்வை நான் அறியேன். நிகழ்ச்சி முடிந்ததும் முரசுகளை வெயிலும் வெப்பக்கருவியும் படாத இடத்தில் துணியால் மூடி வையுங்கள். அடுத்த பருவத்தின் தேதியை ஆசிரியரிடம் அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.