இன்யோ கவுண்டியின் வரலாற்றுச் சின்னங்கள்: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மம்மத் மலைக்குப் பனி பார்க்கக் கிளம்பும் நம் குடும்பங்கள், 395ஆம் எண் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் கடப்பது கலிஃபோர்னியா மாநிலத்தின் இன்யோ கவுண்டியைத்தான் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது). பரப்பளவு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள்தொகையோ சுமார் 19,000. 4,421 மீட்டர் உயர விட்னி சிகரமும், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புச் சமவெளியும் இந்த ஒரே கவுண்டிக்குள் இருக்கின்றன. மலையையும் பாலைவனத்தையும் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு வரலாறு கண்ணில் படுவதில்லை. நின்று பார்க்கிறவர்களும் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறார்கள்: இங்கே ஒரு சுரங்கம், அங்கே ஒரு முகாம், நடுவில் ஒரு கால்வாய். எனக்கு இதுதான் தலையாய தவறாகப் படுகிறது. நிலம் யாரிடமிருந்து போனது, தண்ணீர் யார் கைக்குப் போனது என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் எல்லாச் சின்னங்களும் ஒரே கதையாகச் சேர்ந்துவிடும்.

மன்சனாரை எடுத்துக்கொள்வோம். லோன் பைன், இன்டிபென்டன்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையில் இருக்கும் இந்த இடத்தை, ஜப்பானியப் போர்க்கைதிகளை வைத்திருந்த முகாம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி அல்லவே அல்ல. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் பேரில், மேற்குக் கடற்கரையில் இருந்த தங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்ட ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் அவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்கள் மீது வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. 1945 நவம்பரில் முகாம் மூடப்படும் வரை 11,000க்கும் மேற்பட்டோர் இங்கே அடைபட்டிருந்தார்கள். 1988இல்தான் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது; அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு கொடுத்தது.

அடுத்த தவறு, மன்சனாரில் கட்டடங்களைத் தேடுவது. போர் முடிந்ததும் முகாமின் கட்டடங்களை விற்றும் பிரித்தும் அப்புறப்படுத்திவிட்டார்கள். பழையவற்றில் இன்று நிற்பவை, 1944இல் கட்டப்பட்ட அரங்கமும் நுழைவாயிலின் இரண்டு கற்சாவடிகளும்தான். காவல் கோபுரமும் குடியிருப்புக் கொட்டகைகளும் பிற்காலத்தில் மாதிரிக்காகக் கட்டியவை. அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் மன்சனாரைப் பார்த்ததாகவே ஆகாது. தலையைக் குனிந்து தரையைப் பாருங்கள். உணவுக்கூடங்களின் முன்னால் வரிசையில் காத்திருந்த மக்கள், அந்த இடத்தையே பாறையும் சிறு குளமும் பாலமுமாகத் தோட்டங்கள் ஆக்கினார்கள். மண் மூடிக் கிடந்த அந்தத் தோட்டங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் ஈரக் கான்கிரீட்டில் விரலாலோ குச்சியாலோ எழுதிய பெயர்களும் தேதிகளும் அப்படியே இருக்கின்றன. அரை மணி நேரம் போதாது. அரங்கில் உள்ள காட்சியகத்துக்கும் முகாமைச் சுற்றி வரும் பாதைக்குமாக அரை நாள் ஒதுக்குங்கள்.

மேற்குக் கோடியில் இருக்கும் வெள்ளை நினைவுத்தூணை மொத்தப் புதைகுழி என்று நினைத்துவிடாதீர்கள். 1943இல் முகாமில் இருந்த கல்தச்சர் ரியோசோ காடோ முன்னின்று கட்டியது அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எரியூட்டப்பட்டார்கள். இன்று அங்கே எஞ்சியிருப்பவை ஆறு புதைகுழிகள். மொத்தப் புதைகுழி இருப்பது லோன் பைனில். 1872 மார்ச் 26 அதிகாலையில் வந்த நிலநடுக்கத்தில் அந்தச் சிற்றூரின் 59 வீடுகளில் 52 இடிந்தன, 27 பேர் இறந்தார்கள். அவர்களில் 16 பேரை ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலையோர மேட்டில் சேர்த்துப் புதைத்தார்கள். பலரைக் கொன்றவை சுடாத மண்கல் சுவர்கள். மரவீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

மன்சனாரில் இன்னும் ஒன்று இருக்கிறது, அநேகமாக எல்லோரும் தவறவிடுவது: பேரி மரங்கள். அவற்றை நட்டது முகாம்வாசிகள் அல்ல. 1910 முதல் இங்கே ஒரு பழத்தோட்ட ஊர் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தண்ணீருக்காக 1920களில் நிலங்களை வாங்கிக் குவித்ததும் விவசாயிகள் கிளம்பினார்கள், மரங்கள் மட்டும் நின்றன. 1942இல் ராணுவம் முகாமுக்கு எடுத்துக்கொண்டது அந்த நகரத்துக்குச் சொந்தமான நிலத்தைத்தான். கவனிப்பாரற்று நின்ற மரங்களுக்கு அடைபட்டவர்கள் தண்ணீர் விட்டுக் கிளை கழித்துக் காய்க்க வைத்தார்கள். விவசாயிகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்கள். ஆக, ஒரே மண்ணிலிருந்து மூன்று கூட்டத்தார் போகவேண்டி வந்திருக்கிறது.

வரலாற்றைச் சுரங்கத்திலிருந்தோ குடியேறிகளின் மாட்டுவண்டியிலிருந்தோ தொடங்குவது இன்னொரு பிழை. குடியேறிகள் வருவதற்கு முன்பே பையூட் மக்கள் பிஷப் என்ற ஊரின் பக்கத்து ஓடைகளை மறித்து, நீளமான வாய்க்கால் வெட்டி, கிழங்கு தரும் காட்டுச் செடிகளுக்குப் பாசனம் செய்துவந்தார்கள். அவர்களின் உணவு நிலத்தில் மாடுகள் மேய்ந்ததிலிருந்துதான் சண்டை பிறந்தது. 1862 ஜூலை 4 அன்று ராணுவம் இன்டிபென்டன்ஸ் முகாமை அமைத்தது. அடுத்த ஆண்டு ஜூலை வெயிலில் 900க்கும் மேற்பட்ட பையூட் மக்களைத் தெற்கே தெஹோன் கோட்டை வரை நடத்தியே கொண்டுபோனார்கள். வழியிலேயே பலர் தப்பினார்கள், சிலர் இறந்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் ஊர் திரும்பினார்கள். கவுண்டி உருவானது 1866இல், அதற்குப் பிறகுதான்.

கால்வாய்க் கதையில் ஒரே ஒரு வில்லனைத் தேடுவதும் வேண்டாம். இங்குள்ள ஓவன்ஸ் ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோக 1913 நவம்பர் 5 அன்று திறக்கப்பட்ட 375 கிலோமீட்டர் கால்வாய்க்கு வில்லியம் மல்ஹாலண்ட் தலைமைப் பொறியாளர். ஆனால் 1905 வாக்கில் நிலங்களையும் நீருரிமையையும் வளைத்துப் போட்டவர் அந்த நகரத்தின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன். 1924 நவம்பரில் ஊர்மக்கள் அலபாமா மதகைக் கைப்பற்றி நான்கு நாள் தண்ணீரை ஆற்றுக்கே திருப்பிவிட்டார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர்களான வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி 1927இல் மூடப்பட்டது. பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக அவர்கள் சிறைக்குப் போனார்கள். போராடிய விவசாயிகளின் வலி உண்மை. அவர்கள் பாசனம் செய்த நிலம் அதற்கு முன் யாருடையது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கல்வெட்டுப் பலகையில் எழுதியிருப்பதே முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மன்சனாரின் வாசலில் 1973இல் பதித்த மாநிலப் பலகையில், ‘வதை முகாம்’ என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்று பெரிய சண்டையே நடந்தது. பிடிக்காதவர்கள் பலகையைக் கீறியிருக்கிறார்கள். வடு இப்போதும் தெரிகிறது.

சின்னக் குழப்பங்களும் உண்டு. போடி என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊர் பக்கத்து மோனோ கவுண்டியைச் சேர்ந்தது. ரையோலைட் நெவாடாவில் இருக்கிறது. இன்யோவின் வெள்ளிச் சுரங்க ஊர் கீலருக்கு மேலே மலையில் இருக்கும் செரோ கோர்டோ. அது தனியார் சொத்து, பாதை செங்குத்தான மண்பாதை. அங்கே 1871இல் கட்டிய ஹோட்டல் 2020 ஜூனில் எரிந்துபோனது. டெத் வேலி பாலைவனத்திலிருந்து போராக்ஸ் (வெங்காரம்) ஏற்றிச் சென்ற புகழ்பெற்ற ‘இருபது கோவேறு கழுதை வண்டி’களில் பெரும்பாலும் இரண்டு குதிரைகளும் இருந்தன, ஹார்மனி போராக்ஸ் ஆலை நடந்ததே 1883 முதல் 1888 வரைதான். அதைக் கோடையில் பார்க்கப் போகாதீர்கள். 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது அதற்குப் பக்கத்தில்தான்.

பொறுக்கிக்கொண்டு வருவதை நான் மன்னிக்க மாட்டேன். துருப்பிடித்த தகரடப்பா, உடைந்த பீங்கான் கோப்பைத் துண்டு எதுவானாலும் கிடந்த இடத்தில்தான் அதற்குப் பொருள் இருக்கிறது. கூட்டரசு நிலத்தில் எடுப்பது குற்றமும்கூட. 2012இல் பிஷப்புக்கு வடக்கே எரிமலைப் பீடபூமியில் பழங்காலப் பாறைச் செதுக்குகளை ரம்பத்தால் அறுத்தே எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு அவை மீட்கப்பட்டன, ஆனால் பாறையோடு ஒட்டவைக்க முடியாது. விரலால் தடவுவதும், கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் வரைவதும் மெதுவாகச் செய்யும் அதே நாசம்.

கடைசியாக ஒன்று. பையூட் மக்களை இறந்தகாலத்தில் பேசாதீர்கள். 1939இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் கூட்டரசும் நிலத்தை மாற்றிக்கொண்டதில் பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய இடங்களில் அவர்களுக்கு ஒதுக்கீட்டு நிலம் கிடைத்தது. நீருரிமையை மாற்றித் தர நகரச் சாசனப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்று சொல்லி அதைத் தள்ளிவைத்தார்கள். அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. பிஷப்பில் பையூட், ஷோஷோன் மக்களே நடத்தும் பண்பாட்டு மையம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, முடிந்தால் மன்சனாருக்கு முன்னாலேயே அங்கே போய்விடுங்கள்.