‘அ’ முதல் ‘ஃ’ வரை ஒப்பித்தால் எழுத்து தெரிந்துவிட்டதா?

என் மகளுக்கு நான்கு வயதானபோது வீட்டுச் சுவரில் எழுத்து அட்டை ஒட்டியிருந்தோம். ‘அ – அம்மா’ தொடங்கி ‘ஃ – எஃகு’ வரை மூச்சு விடாமல் சொல்வாள். வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்காட்டச் செய்து பூரித்துப்போனோம். ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், எதிரே ‘இளநீர்’ என்று எழுதியிருந்த பலகையின் முதல் எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இதில் இலை இல்லையே” என்றாள். அவள் படித்திருந்தது படத்தை.

ஒப்பித்தலை அறிதல் என்று எண்ணிக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான். எழுத்து என்பது ஒலிக்கு இட்ட வடிவம். ஒலி காதில் பிடிபடாத குழந்தைக்கு வடிவம் வெறும் கோலம். ஆகவே அட்டையை எடுப்பதற்கு முன் காதுக்கு விளையாட்டு வையுங்கள். சமையலறையில் ‘உ’வில் தொடங்கும் பொருளைத் தேடச் சொன்னால் உப்பு, உளுந்து, உருளைக்கிழங்கு என்று பிள்ளை ஓடி ஓடி எடுத்து வரும். உரலையும் ஓடத்தையும் கண்ணால் பார்த்திராத குழந்தைக்கு அந்தப் படங்களால் என்ன பயன்?

பழைய பழக்கத்தில் ‘பானா, டானா’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதும் தடையாகிறது. பானா, டானா, இம் என்று எத்தனை முறை சேர்த்தாலும் ‘படம்’ வராது. ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

அகர வரிசையில்தான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ‘அ’வின் சுழியும் வளைவும் சிறு விரல்களுக்குக் கடினம். ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்றே கோடு. இவற்றோடு ‘ம’வைச் சேர்த்துக்கொண்டு, புள்ளிக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டைக் கையில் கொடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே குழந்தை சொற்களைப் படித்துவிடும். ‘பட்டம்’ படித்த அன்றே காகிதத்தில் ஒரு பட்டம் செய்து பறக்கவிடுங்கள். பிறகு துணைக்காலைத் தனி அட்டையில் வெட்டி இடையில் நுழைத்தால் படம் பாடமாகும், மடம் மாடமாகும். அந்த நொடியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

247 எழுத்து என்று சொல்லி மிரட்டுவது வீண். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்ற 216-உம் இவற்றின் சேர்க்கைதான். கு, சு, து போன்ற உகர வரிசையும் கூ, சூ, தூ போன்ற ஊகார வரிசையும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவற்றுக்குக் கூடுதல் நாள் கொடுங்கள். கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால்தான் வரும் என்பதால் கெ, கே வரிசைகளில் தடுமாற்றம் இயல்பு. அதையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. ‘ங’வில் தொடங்குவதாகக் குழந்தை அறிந்த சொல்லும் இல்லை. இவற்றுக்கும் முதலெழுத்துப் படம் தேடித் திண்டாடாமல் மாங்காய், பழம், காற்று என்று சொல்லுக்குள் வைத்தே காட்டுங்கள். ண, ந, ன ஆகிய மூன்றுக்கும் என் வீட்டில் ‘கூட்டாளி’ விளையாட்டு உதவியது: ‘ட’வுக்கு முன் ‘ண’ வரும் (வண்டி), ‘த’வுக்கு முன் ‘ந’ (பந்து), ‘ற’வுக்கு முன் ‘ன’ (கன்று). நெடுங்கணக்கிலும் இந்தக் கூட்டாளிகள் அடுத்தடுத்துத்தான் நிற்கிறார்கள்.

பென்சிலை அவசரமாகத் திணிக்காதீர்கள். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைத்த தட்டை மறுநாளே பரணில் ஏற்றிவிடுகிறோம். அரிசி மாவு பரப்பிய தட்டில் விரலால் எழுதுவதும், முறுக்கு மாவைத் திரித்து எழுத்தாக வளைப்பதும் மாதக்கணக்கில் தொடரட்டும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டால் அதட்ட வேண்டாம். ஆறேழு வயது வரை பல குழந்தைகள் அப்படி எழுதுவார்கள். “இன்னும் கொஞ்சம்” என்று பிள்ளை கேட்கும்போதே விளையாட்டை முடித்துவிடுவது நல்லது. கொட்டாவி விடும்வரை இழுத்தால் மறுநாள் தட்டைக் கண்டதும் ஓடிவிடும்.

பெரியவர்கள் எழுதுவதைப் பிள்ளைக்கு எதிரே ‘தப்பு’ என்று சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1978-இல் ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாற்றப்பட்டது. அதற்கு முன் படித்தவர்களின் கையில் பழைய வடிவம் இன்னும் இருக்கிறது. என் அம்மா ஒரு நாள் மாவுத் தட்டில் ‘இலை’ என்று எழுதினார். யானைத் துதிக்கைபோல் வளைந்த அந்த ‘லை’யைப் பார்த்து மகள் கைகொட்டிச் சிரித்தாள். அதன் கீழேயே தன் ‘லை’யை எழுதி, “இது என்னுடைய இலை, அது பாட்டியுடைய இலை” என்றாள்.