கேபினெட்டுக்குள் காற்று ஓடுகிறதா? சூட்டை அளந்து பார்த்துவிடலாம்

ஏப்ரல், மே வந்தால் கிருஷ்ணகிரியில் மத்தியானம் மூன்று மணிக்கு மின்விசிறிகூட அனலைத்தான் தள்ளும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் கேம் திக்கித் திக்கி ஓடினால் நிறைய பேர் உடனே அதன் சிப்பைக் குளிர்விக்கும் புது கூலர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு கூலரிலா, பெட்டியின் காற்றோட்டத்திலா, இல்லை அறையே கொதிக்கிறதா என்பதை ஒரு காசு செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நம் ஊரில் முழுப் பெட்டியையும் சிபியு என்றுதான் சொல்கிறோம். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே பெட்டியைக் கேபினெட் என்றும் உள்ளே இருக்கும் சிப்பை ப்ராசஸர் என்றும் எழுதுகிறேன்.

முதலில் அறையின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண தெர்மாமீட்டர் போதும், ஆனால் அதைக் கேபினெட்டுக்குள் காற்று நுழையும் முன்பக்கத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், எந்த விசிறியாலும் அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. அறை 6 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே 6 டிகிரி ஏறும். ஓசூரில் இருக்கும் நண்பருடைய கம்ப்யூட்டரில் 75 காட்டுகிறது, தருமபுரியில் எனக்கு 82 காட்டுகிறதே என்று பயப்படுவதில் அர்த்தமில்லை, அங்கே அறையே குளிர்ச்சி.

அடுத்து எச்டபிள்யூஇன்ஃபோ 64 என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார்ஸ் ஒன்லி என்பதை டிக் செய்து திறங்கள். வரிசை வரிசையாக எண்கள் வரும், மிரள வேண்டாம். ப்ராசஸர் வெப்பம், கிராபிக்ஸ் கார்டு (கேமின் படங்களை உருவாக்கும் அட்டை) வெப்பம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) வெப்பம், இந்த மூன்றில் சராசரியும் உச்சமும் மட்டும் பார்த்தால் போதும்.

இப்போது வேலை கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது பார்க்கும் எண் எதையும் சொல்லாது. சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளின் ப்ராசஸர் சோதனை ப்ராசஸரை மட்டும்தான் சூடாக்கும். கேபினெட்டை உண்மையில் சோதிப்பது கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூடுதான், அதனால் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். முடிந்ததும் எண்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றிலும் அறைச் சூட்டைக் கழியுங்கள். எனக்கு அறை 34, ப்ராசஸர் 87, அதாவது 53 டிகிரி உயர்வு. பல இன்டெல் ப்ராசஸர்களின் வெப்ப வரம்பு 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 என்பதால் 87 ஆபத்தில்லை, ஆனால் கேமுக்கு இது அதிகம்.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே கேமை அதே அரை மணி நேரம் ஓட்டுங்கள் (உள்ளே கை விடாதீர்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்). இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது என்றால் காற்றோட்டம் சரியாக இருக்கிறது. கூலர், தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பசை) பக்கம் பாருங்கள். பத்து டிகிரி அளவுக்குக் குறைந்தால் கேபினெட் மூச்சுத் திணறுகிறது. எனக்கு 87 சட்டென்று 75 ஆனது.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு விசிறிக்கும் வெளியே தள்ளிப் பிடித்தேன். பின்பக்கம் புகை வெளியே தள்ளப்பட்டது, சரி. முன்பக்கமும் புகை வெளியேதான் வந்தது! விசிறியைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும், முன் விசிறியில் அந்தப் பக்கம் கேபினெட்டுக்குள் பார்த்திருக்க வேண்டும்.

கூடவே தூசி. கிரானைட் அறுக்கும் இடத்துக்கோ நெடுஞ்சாலைக்கோ அருகில் வீடு என்றால் கேபினெட்டின் தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். பிளோயர் அடிக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியில் சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னே இழுத்து வையுங்கள்.

எல்லாம் முடிந்து மூடியை மாட்டி மறுபடி அளந்தேன். அறை அதே 34, ப்ராசஸர் 79. கூலர் பழையதேதான்.