கார்ப் ஹீட்டை இழுத்த கை

பெங்களூரு ஜக்கூர் விமானதளத்தில் விமானம் ஓட்டப் பயிற்சிக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவேன்: எஞ்சின் இருமினால் ரேடியோவைத் தேடாதே, மூக்கைத் தாழ்த்து. செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானம் என்றால் 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 கி.மீ. அந்த வேகம் இருக்கும்வரை எஞ்சின் நின்றாலும் விமானம் சறுக்கிக்கொண்டே போகும்.

அப்புறம் கார்ப் ஹீட், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் குமிழ். அதை முழுதாக இழுக்கவேண்டும். பெங்களூரு ஆடி மாதக் காலை, 20 டிகிரி, தூறல். இதில் ஐஸா என்று சிரிப்பார்கள். கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா? கார்புரேட்டருக்குள்ளும் அதே கதைதான். வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கும், ஈரக்காற்று உறைந்து வழியை அடைக்கும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) இறங்கினால் சந்தேகப்படுங்கள்.

நானே இங்கே ஏமாந்தவன். மாணவனாக இருந்தபோது, தொட்டபள்ளாபுரம் பக்கம், ஹீட்டை இழுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமாக உதறியது. பயந்துபோய்த் திரும்ப உள்ளே தள்ளினேன். பக்கத்திலிருந்த சார் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி இழுத்தார். உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போகும்போது அது அப்படித்தான் திணறும். கொஞ்ச நேரத்தில் சீரானது. அதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது.

சீராகவில்லையா? எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா, மிக்ஸ்ச்சர் ரிச்சா (கலவையில் பெட்ரோல் அதிகமா), பிரைமர் (எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோல் செலுத்தும் கைப்பம்பு) பூட்டியிருக்கிறதா, தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டும் ஓடுகிறதா என்று வரிசையாகக் கை போகட்டும். கண் மட்டும் வெளியே வயலைத் தேடவேண்டும். அறுவடை முடிந்த ராகி வயல் கிடைத்தால் அதிர்ஷ்டம். வரிசை வரிசையாகப் பச்சையாகத் தெரிவதை நம்பாதீர்கள். இந்தப் பக்கம் அது திராட்சைத் தோட்டமாக இருக்கும், உள்ளே கல்தூணும் கம்பியும். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள்.

புறப்பட்டதுமே, தாழ்வில், எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசையே வேண்டாம். திரும்பும்போதுதான் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, விழுகிறார்கள். நேர் எதிரே, கொஞ்சம் இடம் வலம், கிடைத்த இடத்தில் இறக்குங்கள்.

வயல் முடிவானதும் ரேடியோவில் மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி, ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியீடான 7700 வையுங்கள். எரிபொருளையும் இக்னிஷனையும் அணையுங்கள். இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் இறக்கும் மடிப்பான ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவதால், மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைப்பது ஃபிளாப்பை இறக்கிய பிறகுதான். தரை தொடுமுன் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். மோதலில் கதவைச் சுற்றியுள்ள சட்டம் வளைந்தால் கதவு திறக்காது.